முழிக்கொட்டையும் பாக்கிப் பதில்களும்

அப்பா பேச ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில். ரொட்டியைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனவர், அதைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நீலம்," என்றார்.

அம்மா கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள். "என்னங்க, என்ன நீலம்?"

"முன் ரூம் ஜன்னலுக்குப் பச்சைத் திரை போடவா, நீலம் போடவான்னு கேட்டியே. நீலம்தான் நல்லா இருந்திருக்கும்."

அம்மா அதைக் கேட்டபோது மகளுக்குப் பால் பல்கூட விழவில்லை. பதில் வராததால் பச்சையே போட்டு, அது வெயிலில் வெளுத்து, கிழிந்து, தரை துடைக்கும் துணியாகி, இருந்த இடம் தெரியாமல் போயும் விட்டது. இப்போது ஜன்னலில் தொங்குவது பழுப்பு.

"அடப் பாவி மனுஷா!" என்றாள் அம்மா. அதைத் திட்டு என்று யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். நெருப்பு வேண்டாம், தீப்பெட்டியைக் காட்டினாலே போதும் என்பாள் அம்மா. பட்டாசு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கண் அகலமாக விரிந்திருந்தது. மேசைக்கு அடியில் அவர் முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

அப்பாவை மில் ரூமுக்கு மாற்றிய மறுவாரம் அது.

தெருக் கோடியில் இருந்த அந்த ஆலையில் அரைப்பது குவாரானா. எங்கோ தூரதேசத்துக் காட்டில் படரும் கொடி. அதன் பழம் பழுத்து வெடித்தால் சிவப்புத் தோல் விலகி, வெள்ளைச் சதைக்கு நடுவே கறுப்புக் கொட்டை தெரியும். யாரோ புதருக்குள் ஒளிந்துகொண்டு முறைப்பது போலவே இருக்கும். ஆபீஸ் சுவரில் அந்தப் பழத்தின் படத்தைப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து ஆலையில் ஒருவரும் குவாரானா என்று சொன்னதில்லை. முழிக்கொட்டைதான். கொட்டை மூட்டையில் வரும். வறுத்து, தோல் நீக்கி, மில்லில் அரைத்து, பாக்கெட்டில் அடைத்தால் 'இயற்கை தரும் புத்துணர்ச்சி'. காப்பிக் கொட்டையில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக அதில் காபீன் உண்டு என்பதைப் பாக்கெட்டின் முதுகில், எறும்பு படிக்கிற அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அந்த எழுத்துக்குக் கணக்கு சொல்கிறவள் பட்டாசுதான். மாடியில் சோதனை அறை அவளுடையது. குடும்பத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள், வேதியியல். பட்டம் வாங்கியதால் உலகம் ஒன்றும் புரண்டு படுத்துவிடவில்லை. அப்பா கீழே மூட்டை சுமந்த அதே ஆலையில் மாடிப்படி ஏற முடிந்தது, அவ்வளவுதான். மேலே ஏறின பிறகும் "நம்ம மூட்டைக்காரர் பொண்ணு" என்றுதான் முதலாளி விருந்தாளிகளுக்கு அறிமுகப்படுத்துவார். அவள் ஒவ்வொரு தடவையும் "லேப் இன்சார்ஜ்" என்று திருத்துவாள். அவர் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

மில் ரூமுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாயாடிகளை அங்கே போடக் கூடாது. யாரை அனுப்பினாலும் ஒரே வாரத்தில் வாய் நீண்டுவிடுகிறது, ஏற்கெனவே நீளமாக இருந்தால் தாங்க முடியாது என்று சூப்பர்வைசர் கண்டுபிடித்திருந்தார். அதனால் ஆலையிலேயே அமைதியானவர்களாகப் பொறுக்கி எடுத்து அங்கே அனுப்புவார். மூட்டை தூக்கித் தூக்கி அப்பாவின் இடுப்பு பிடித்துக்கொண்டதும் சூப்பர்வைசருக்கு யோசிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. ஆலையில் அப்பாவுக்கு ஊமைச்சாமி என்றுதான் பெயர்.

ஊமைச்சாமி இப்போது வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதிதாக எதையும் பேசவில்லை. அதுதான் வேடிக்கை. அம்மா எப்போதோ கேட்டு, காத்திருந்து, அலுத்துப்போய் விட்டுவிட்ட கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் வந்தது. "உங்கக்கா வீட்டுக்காரருக்கு என்னைக் கண்டா ஆகாதான்னு கேட்டியே? ஆகாதுதான். நான் அந்தாளு செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன். தெரிஞ்சேதான்." "குட்டையா முடி வெட்டிக்கிட்டா நல்லா இருப்பேனான்னு கேட்டியே? இருந்திருப்பே." "அழுதீங்களான்னு கேட்டியே, எங்கம்மா போனப்ப? அழுதேன். பாத்ரூம்ல."

அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு ஆடையோடு நாலு கதையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிற ரகம். இத்தனை வருஷமும் சுவரோடு பேசுவதுபோல் அப்பாவோடு பேசி வந்தவளுக்கு, சுவர் ஒவ்வொரு சொல்லையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தது தெரிந்ததும் கால் தரையில் பாவவில்லை. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "எனக்கு வாயைத் தொறக்கவே சந்தர்ப்பம் இல்லக்கா," என்று குறைப்பட்டுக்கொண்டாள். அந்தக் குறையைச் சொல்லத்தான் நாளைக்கு நாலு தடவை அந்த வீட்டுக்குப் போனாள்.

பட்டாசுக்குக் காரணம் முதல் நாளே தெரியும். மில் ரூமிலிருந்து வருகிற அப்பாவின் புருவத்தில், காது மடலில், சட்டைக் காலரில் பழுப்புத் தூள் படிந்திருக்கும். உதட்டை நக்கிக்கொண்டே வருவார். மூச்சிலும் எச்சிலிலும் நாள் முழுக்க முழிக்கொட்டை உள்ளே போகிறது. பேச்சு வருகிறது, தூக்கம் போகிறது. விடிவதற்குள் வீட்டில் உள்ள அத்தனை செருப்பையும் கழுவி, வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டு, எதிர்வீட்டு ஜன்னலையும் துடைத்து வைத்திருப்பார். எதிர்வீட்டுக்காரர் நன்றி சொல்வதா சண்டை போடுவதா என்று தெரியாமல் நின்றார்.

இதை நிறுத்த அவளால் முடியும். அவள் வேலையே அதுதான். ஆனால் நிறுத்தவில்லை.

ஏனென்றால் பதில்கள் வருஷ வரிசையில் வந்துகொண்டிருந்தன. திரைச்சீலை முடிந்தது, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் முடிந்தது, அம்மா மிஷின் வாங்கிய வருஷம் முடிந்தது. வரிசையில் அவளுடைய கேள்வியும் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

பட்டம் வாங்கிய கையோடு வேறு ஊரில் மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. விடுதியும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. அப்பா வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது முன்னால் போய் நின்று, "போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா மிஷினை நிறுத்தாமலேயே, "அப்பாவுக்கு இஷ்டமில்ல போலடி, விட்டுடு," என்றாள். அப்பா எழுந்து போய்விட்டார். அவளும் விட்டுவிட்டாள். வெட்டு ஒன்று துண்டு ரெண்டு என்று பேசுகிறவள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் என்று திருப்பிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவிடம் அவள் எதுவுமே கேட்டதில்லை. கேட்டால் கோபம் தீர்ந்துவிடுமோ என்று பயந்த மாதிரி அந்தக் கோபத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

இப்போது அப்பா அவளுடைய பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தார். இன்னும் கொஞ்ச நாள்தான்.

"அம்மா, அவர் ராத்திரில தூங்கறதே இல்ல, தெரியுமா உனக்கு?"

"தூங்காட்டி என்னடி? தூங்கித் தூங்கி என்ன கண்டோம்?" அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இப்பத்தான் மனுஷன் வாயைத் தொறந்திருக்காரு. உன் படிப்பைக் கொண்டுவந்து இதுல நுழைக்காதே. ஒரு வாரம் பொறு."

அம்மாவின் பேச்சை எதிர்ப்பதையே பழக்கமாக வைத்திருந்தவள், இந்த ஒரு பேச்சைக் கேட்டாள். கேட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் பொறுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பில் அவளைத் திட்டிய வாத்தியாரைப் பற்றிய பதில் ஓடிக்கொண்டிருந்தது. அவரைத் தெரு முனையில் மடக்கி அப்பா இரண்டு வார்த்தை கேட்டாராம். யாருக்கும் தெரியாத சங்கதி. "என்ன கேட்டீங்க?" என்று அம்மா குதித்தாள். அப்பா சொல்ல வாயெடுத்தார். முட்டை கையிலிருந்து நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. விரல்கள் ஆடிய ஆட்டத்தில் ஓடு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம் என்று பிய்ந்து தட்டெல்லாம் சிதறியது. அவர் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகப் பேசினார். பட்டாசு எழுந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே யாரோ கதவைத் திறக்கச் சொல்லி இடிப்பதுபோல் இருந்தது நாடி.

மணிக்கட்டை விடாமலே நின்றாள். ஒரு பதிலுக்காக இந்த மனுஷனை அரைத்துக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை மில் ரூமுக்குள் போய் விளக்கின் தலையில் விரல் தடவிப் பார்த்தாள். விரல் பழுப்பாக வந்தது. நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், மேல இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் ஓடல?"

"அது ஓடினா தூளெல்லாம் வெளிய போயிடுதும்மா. நஷ்டம்னு முதலாளி நிறுத்தச் சொல்லிட்டாரு."

"வெளிய போகாதது எங்க போகுதுன்னு பாத்தீங்களா? ஆளுங்க மூக்குக்குள்ள போகுது."

"இயற்கைதானேம்மா?" அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார். "மூலிகை. ஊர்ல காசு குடுத்து வாங்கிக் குடிக்கிறாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஓசியா கிடைக்குது."

"பாம்பு விஷங்கூட இயற்கைதான் சார். ஓசின்னா கையை நீட்டிடுவீங்களா?"

"கோவப்படாதேம்மா. உங்கப்பாவையே பாரு. எப்படி இருந்தவரு, இப்ப எவ்ளோ கலகலன்னு இருக்காரு!"

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததைக் காட்டிக்கொள்ளாமல், "ஃபேன் ஓடி, ஆளுக்கொரு நல்ல மாஸ்க் குடுக்கிற வரைக்கும் நான் எந்தச் சரக்குக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள்.

"வேலை போயிடும்மா."

"போனா போகட்டும். மூட்டை தூக்கத் தெரியும் எனக்கு. மூட்டைக்காரர் பொண்ணுதானே?"

அவள் கையெழுத்தில்லாமல் ஒரு பாக்கெட்கூட வாசலைத் தாண்டாது. முதலாளி இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் ஃபேன் ஓடியது. காது வரை மூடுகிற மாஸ்க்கும் வந்தது.

அதோடு மில் ரூமுக்குத் தலைவலி வந்தது. இத்தனை காலம் உள்ளே போனது திடீரென்று நின்றால் மண்டை இடிக்கத்தான் செய்யும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். யார் கேட்டார்கள்? "லேப் பொண்ணு எங்க வாயைப் புடுங்கிட்டா," என்று நெற்றியில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு முறைத்தார்கள். அப்பா முறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். மறுநாள் வெயில் முகத்தில் அடிக்கிற வரை அசையவில்லை. எழுந்தபோது பழைய ஊமைச்சாமியாக எழுந்தார்.

வாத்தியாரிடம் கேட்ட அந்த இரண்டு வார்த்தை என்ன என்பது வரவேயில்லை. அதற்குப் பிறகு வரிசையில் நின்ற எதுவும் வரவில்லை.

அம்மா மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் அம்மாவால் பேசாமல் இருக்க முடியாது என்பதால் தையல் மிஷினிடம் பேசினாள். "பாத்தியா மிஷினு, சிலருக்கு அடுத்தவங்க சந்தோஷம் பொறுக்காது. பெத்த அம்மான்னாலும் பொறுக்காது." மிஷின் கடகடவென்று ஆமோதித்தது. பட்டாசு, "மிஷினு, அப்பா ஹார்ட்டு நல்லா இருக்கணும்னுதான் செஞ்சேன்னு சொல்லிடு," என்றாள். "சொல்லிக்கோ, எனக்கென்ன," என்றாள் அம்மா, மிஷினைப் பார்த்தபடியே.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் சாப்பாட்டில் அம்மா வழக்கம்போல் ஆரம்பித்தாள். "ஏங்க, உப்பு சரியா இருக்கா? சரியாத்தான் இருக்கும். கம்மியா தெரியுதோ? இருக்கட்டும், உடம்புக்கு நல்லது."

பட்டாசு எதேச்சையாக அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சரியா இருக்கா' என்றபோது அந்த வாய் திறந்தது. நாக்கு மேலே எழுந்தது. அதற்குள் 'உடம்புக்கு நல்லது' வந்துவிட்டது. வாய் மூடிக்கொண்டது.

கையிலெடுத்த கவளத்தை அவள் தட்டிலேயே வைத்தாள். "அப்பா, தலைவலி விட்டுச்சா?" என்று தானே ஒன்றைக் கேட்டுப் பார்த்தாள். கேட்ட மூச்சிலேயே, "விட்டிருக்கும்," என்று தன் வாயாலேயே பதிலும் சொல்லிவிட்டாள். அப்பாவின் வாய் பாதியில் நின்றது.

அம்மா மட்டுமில்லை. தானும்தான். இந்த வீட்டில் கேள்வி கேட்கிற இரண்டு பேருக்கும் அவசரம். பதில் சொல்ல வேண்டியவருக்கு நிதானம். தூள் செய்ததெல்லாம் அவரை இவர்கள் வேகத்துக்கு ஓடவைத்ததுதான். ஓடி ஓடி அவருக்கு நெஞ்சு அடித்தது.

அன்று மத்தியானம் மிஷினிடம் சொல்லாமல் அம்மாவிடமே சொன்னாள். "அம்மா, நான் இன்னைக்கு அப்பாகிட்ட ஒண்ணு கேக்கப் போறேன். அவர் பதில் சொல்ற வரைக்கும் நீ வாயைத் தொறக்கக் கூடாது."

"நான் எங்கடி பேசறேன்? பேசறதே இல்லையே நான். நீ வேணும்னா அக்கம்பக்கத்துல..."

"அம்மா!"

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்பது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல், துணியில் குத்துகிற குண்டூசிகளை எடுத்து ஒன்று ஒன்றாக உதட்டுக்கு நடுவில் கடித்துக்கொண்டாள். வரிசையாக ஏழெட்டு ஊசி. இனி அவளே நினைத்தாலும் பேச முடியாது.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பட்டாசு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா. அன்னைக்கு நான் போகட்டுமான்னு கேட்டேனே. ஏன் ஒண்ணும் சொல்லல?"

அப்பா நகவெட்டியை மடக்கினார்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போனது. மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பட்டாசின் நாக்கு நுனியில் 'பரவால்ல விடுங்க' வந்து நின்றது, விழுங்கினாள். 'உங்களுக்கு இஷ்டமில்ல, அதானே?' வந்தது, அதையும் விழுங்கினாள். கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எந்தக் கல்லூரியிலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பின்னால் அம்மா மூக்கால் வேகவேகமாக மூச்சு விடுவது கேட்டது. குக்கர் விசில் அடிக்கப் போவது போல இருந்தது.

அப்பா ஜன்னல் கம்பியைத் தடவினார். பிறகு பேசினார். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைத்து எடுப்பவர் மாதிரி.

"போகாதேன்னுதான் வாயில வந்துச்சு."

பட்டாசு அசையவில்லை.

"நீ போயிட்டா வீடு என்னத்துக்கு ஆகும்னு இருந்துச்சு. உங்கம்மா கேட்டுட்டே இருப்பா. நான் சும்மாவே இருப்பேன். நடுவுல நீ இருந்து கத்துவே. அது இருந்தாத்தான்..." நிறுத்தினார். நெடுநேரம். "ஆனா போகாதேன்னு சொல்றது தப்பு. அது தெரிஞ்சுது. தப்பை எப்படி என் பொண்ணுகிட்ட வாயைத் தொறந்து சொல்றது? போன்னு சொல்லவும் மனசு வரல. அதான் சும்மா இருந்துட்டேன்."

அவள் எதிர்பார்த்தது இதுவல்ல. 'போன்னுதாம்மா சொல்ல வந்தேன், அதுக்குள்ள உங்கம்மா முந்திக்கிட்டா' என்று சொல்வார், கோபத்தையெல்லாம் அம்மாவின் தலையில் கட்டிவிட்டு இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"நீங்க சும்மா இருந்தது என் காதுல வேண்டாம்னு விழுந்துச்சுப்பா," என்றாள். "வேண்டாம்னே சொல்லியிருந்தா உங்களோட சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். சும்மா இருக்கிறவர்கிட்ட எப்படிச் சண்டை போடறது?"

அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, தெரியும் என்றா, தெரியவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை பாத்ரூமுக்குப் போகவில்லை.

"ம்ம்! ம்ம்ம்!" என்றாள் அம்மா பின்னாலிருந்து, ஊசிகளுக்கு நடுவே. கையால் பட்டாசைக் காட்டி, வாசலைக் காட்டி, விரலைச் சுழற்றினாள். மறுபடி கேளுடி என்று அர்த்தம். ஊசி வைத்திருந்தாலும் அவளுக்கு அவசரம் போகவில்லை.

பட்டாசு முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். இந்த வருஷ மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

"போகட்டுமாப்பா?"

மறுபடி தெருச் சத்தம். மறுபடி மாடி வீட்டு நாற்காலி. அப்பா அவளைப் பார்த்தார், ஷூ மாட்டிய அன்று பார்த்த அதே பார்வை. அன்று அதை இஷ்டமின்மை என்று நினைத்தாள். இன்று பார்த்தால் ஒரு மனுஷன் உள்ளே பதிலைத் தேடி மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பது தெரிந்தது.

"போ," என்றார்.

அம்மா இரு கைகளையும் தூக்கி மேலே பார்த்தாள்.

"ஆனா," என்றார் அப்பா.

பட்டாசு ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அம்மா, உதட்டில் நழுவிக்கொண்டிருந்த ஊசியை விரலால் சரிசெய்து அழுத்திக் கடித்தாள். 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.